சவாசனத்தில் வந்த கண்ணீர்



அப்பா இறந்தபோது நான் அழவில்லை. மூத்த பையன் நானே அழுதா அம்மாவை யார் தேத்துறது?

எட்டு மாதம் கழித்து, அலோர் காஜாவில் கோயில் மண்டபத்து யோகா வகுப்பு. சூரிய நமஸ்காரம் முடித்துச் சவாசனத்தில் படுத்தேன். மூச்சு மெல்ல அடங்கியது. ஒட்டுப்பால் வாசம் வீசும் அப்பாவின் சட்டை திடீரென்று நினைவுக்கு வந்தது. கண்ணீர் காது வரைக்கும் ஓடியது. வெட்கமாகப் போச்சு.

வெட்கம் எதற்கு? மனம் கலங்கினால் துக்கம், சோர்வு, உடல் நடுக்கம், மூச்சுத் தடுமாற்றம் நான்கும் கூடவே வரும் என்கிறார் பதஞ்சலி முனிவர். மனமும் உடம்பும் மூச்சும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்று தளர்ந்தால் மற்றதும் அவிழும். உழவாரம் ஏந்தித் தொண்டு செய்த அப்பர் பெருமானைச் சேக்கிழார் கண்ணீர் பொழியும் கோலத்தில்தானே காட்டுகிறார்?

பக்கத்துப் பாயில் யாராவது அழுதால் சிரிக்காதீங்க, போனை எடுக்காதீங்க. கூட உட்காருங்க. உங்களுக்கே அழுகை வந்தால் எழுந்து ஓடாதீங்க. மூச்சை நிதானமாக வெளியே விடுங்க. பாரம் குறையவே இல்லையென்றால் பெரியவங்ககிட்ட, டாக்டர்கிட்ட பேசுங்க.

அன்று வீட்டுக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அம்மாவும் எனக்காகத்தான் அடக்கி வைத்திருந்தாராம்.

திருச்சிற்றம்பலம்.