யார் தொலைத்தது?

பஞ்சமி நிலம் என்றாலே ‘ஆதாரம் இருக்கா?’ என்கிறார்கள். இருக்கிறது, அரசாங்கத்தின் பீரோவில்.

1892இல் வெள்ளை அரசு தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலம் இது. பத்தாண்டு கைமாற்றக் கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. காரணை நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில் 1994இல் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீசு குண்டுக்குப் பலியானார்கள்.

அதற்குச் சாட்சி பழைய ‘அ’ பதிவேடு. இன்று கணினியில் வருவது 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தையது. பழையதற்குச் சான்றிட்ட நகல்தான் வேணும். பார்வையிட உரிமையுள்ளவர் கட்டணம் கட்டினால் நகல் தந்தாகணும் என்றது 1872 சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் அது 75.

தொண்டாமுத்தூர்ப் பக்கத்து வளவு ஒன்றுக்காக மனுப் போட்டேன். ‘பதிவேடு செல்லரிச்சுப் போச்சுங்க’ என்றார்கள். எந்த வாய்க்கால்வரை தன் அப்பாரு உழுதார் என்று அங்கே ஒரு ஆத்தா நடந்தே காட்டுகிறார். அவர் வாய்ச்சொல்லை ஏற்க மாட்டார்களாம்.

காக்க வேண்டியவர் தொலைத்த காகிதத்துக்கு நிலம் இழந்தவர் ஏன் பதில் சொல்லணும்? எப்படி வந்தது இந்த நிலம் என்று இப்போது அனுபவிக்கிறவர் அல்லவா காட்டணும்?

‘பதிவேடு இல்லை’ என்பதையே கையெழுத்தும் முத்திரையும் போட்டு எழுதிக் கொடுங்கள் என்று அடுத்த மனுவைக் கொடுத்திருக்கிறேன்.