கூலியா, ஜக்காத்தா?



ஷஃபான் பிறை பிறந்துவிட்டால் நம் வியாபாரிகள் பலரும் ஜக்காத் நோட்டை வெளியே எடுப்பது வழக்கம். நானும் எடுப்பேன். கடையில் சரக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, வெளியிலிருந்து வர வேண்டியது எவ்வளவு, அதில் நாற்பதில் ஒரு பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, கொடுத்தவர்களின் பெயர்களையும் கொடுக்க வேண்டியவர்களின் பெயர்களையும் எழுதுவேன். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு எழுதிய நோட்டை எங்கள் மஹல்லா இமாம் ஹழ்ரத் அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மெச்சிக்கொள்வார்கள் என்ற எண்ணம்தான் உள்ளே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஹழ்ரத் அவர்கள் ஒரு வரியில் விரலை வைத்தார்கள். "இந்தப் பிள்ளை உங்கள் ராத்தா மகன்தானே? உங்கள் கடையில் அல்லவா இருக்கிறார்? அங்கே என்ன செய்கிறார்?" என்று கேட்டார்கள்.

"சும்மாதான் இருக்கிறான் ஹழ்ரத்" என்றேன்.

"சும்மா என்றால்?"

சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. எங்களுடையது இரும்புச் சாமான் கடை. காலை ஒன்பது மணிக்கு வருவான். இரண்டு நூல், மூன்று நூல், நான்கு நூல் என்று போல்ட், நட்டு, வாஷர் வகைகளைப் பிரித்து அந்தந்தப் பெட்டியில் இடுவான். கலந்து கிடக்கும் திருகாணிகளைக் கண்ணாலேயே இனம் பிரிப்பான். எந்தச் சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி என் மேசைமேல் வைப்பான். மாலை ஆறு மணிக்குப் போவான். இதற்காக மாதம் மூவாயிரம் ரூபாயை ராத்தா கையில் கொடுத்துவந்தேன். இரண்டு ஆண்டுகளில் எழுபத்திரண்டாயிரம். அவ்வளவையும் ஜக்காத் கணக்கில் எழுதியிருந்தேன்.

"இது கூலி. கூலிக்குப் பகரமாகக் கொடுத்தது ஜக்காத் ஆகாது. அந்த எழுபத்திரண்டாயிரமும் உங்கள் மீது இன்னும் கடமையாக நிற்கிறது" என்றார்கள் ஹழ்ரத்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. "அவனை இரக்கப்பட்டுத்தானே வைத்தேன்? வேறு எவர் அவனைக் கடை வாசலில் ஏற்றுவார்?" என்று வாதாடினேன். அதற்கு அவர்கள், "இரக்கம் அவரைக் கூப்பிட வைத்தது. சரி. கூப்பிட்ட பின் அவர் உங்களுக்குச் செய்தது வேலையா, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, "கூலி பேசாமல் வாங்கிய வேலைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் அந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளப் போகிறீர்களா?" என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அப்போது அவனுக்கு வயது இருபத்து நான்கு. பேச்சு குறைவு. முகம் பார்த்துப் பேச மாட்டான். சத்தம் மிகுந்தால் காதைப் பொத்திக்கொள்வான். ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொன்னால் இரண்டும் நின்றுவிடும். சிறுவயதில் வீட்டார் ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஜின் என்றார்கள். துஆச் செய்வது நம் கடமை. அதை யாரும் குறை கூற முடியாது. ஆனால் அவனுக்கு இருப்பது ஜின்னுமல்ல, பைத்தியமுமல்ல. மருத்துவர்கள் ஆட்டிசம் என்றும், தமிழில் மதியிறுக்கம் என்றும் சொல்லும் நிலை அது. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்த லியோ கானர் என்ற மருத்துவர் அதனை விவரித்து எழுதினார். மூளை வேறொரு விதமாக அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்கள் குழந்தையாக இருக்கும்வரை ஊரே கொஞ்சுகிறது. மீசை முளைத்த பின் வீட்டின் பின்கட்டில் உட்கார வைத்துவிடுகிறோம். பள்ளிக்கூடம் முடிந்து ஜனாஸா வரையிலும் அவர்களுக்கென்று நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

இதற்கு நம் மார்க்கத்தில் வழிகாட்டல் இல்லையா? இருக்கிறது. நாம் அதை வியாபாரச் சட்டமாக மட்டும் ஓதிவிட்டுப் போய்விடுகிறோம்.

ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற அன்சாரித் தோழரின் வரலாறு ஹதீஸ் கிதாபுகளில் வருகிறது. அவருடைய தந்தையின் வரலாறு என்று அறிவிப்பவர்களும் உண்டு. தலையில் பட்ட காயத்தால் அவருடைய நாவும் அறிவும் பலவீனப்பட்டிருந்தன. ஆனால் வியாபாரத்தை விடமாட்டார். போன இடமெல்லாம் ஏமாந்து வருவார். குடும்பத்தார் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, இவர் கொடுக்கல் வாங்கல் செய்யாதபடி தடை விதியுங்கள் என்று வேண்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, வியாபாரம் வேண்டாம் என்றார்கள். அவரோ, என்னால் அதை விட்டிருக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டார்.

சகோதரர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். நம் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? "உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இரு" என்போம். அங்கே நடந்தது வேறு. விட முடியாது என்றால், வாங்கும்போதும் விற்கும்போதும் ஏமாற்று வேலை கூடாது என்று சொல்லிக்கொள்ளும் என ஒரு வாசகத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். வாங்கிய பொருளை மூன்று நாட்கள் வரை திருப்பிக் கொடுத்துவிடும் உரிமையையும் அளித்தார்கள். நம் ஷாஃபிஈ கிதாபுகளில் மூன்று நாள் கியாருஷ் ஷர்த்து என்று ஓதுகிறோமே, அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது இந்த ஹதீஸ்தான். அவருடைய நாக்குக்கு அந்தச் சிறு வாசகமே சரியாக வரவில்லை, எழுத்து மாறித்தான் சொல்வார் என்றும் அறிவிப்பில் இருக்கிறது. அப்படிச் சொன்னதையே மதீனாவின் கடைவீதி ஏற்றுக்கொண்டது! அவரைக் கடைவீதியிலிருந்து அப்புறப்படுத்தவில்லை. அவருக்கு இடம் கொடுக்கும்படி கடைவீதியின் வழக்கத்தில் ஒன்றைச் சேர்த்தார்கள். அது பின்னர் நம் எல்லோருக்கும் சட்டமாயிற்று.

இதைப் படித்த பிறகுதான் நான் என் கடையைப் பார்த்தேன்.

முதலில் அவனை முன்கடையில்தான் வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு கொத்தனார் கீல் வாங்க வந்தார். நான் எடுத்துக் காட்டினேன். இவன் எட்டிப் பார்த்து, "துரு. எண்ணெய் போட்டிருக்கு" என்றான். கொத்தனார் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாளே இவனைப் பின்னால் கிடங்குக்கு மாற்றினேன். வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்று வீட்டிலும் சொல்லிவைத்தேன். தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, ஜனங்கள் பார்க்கும்படி இதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று அந்த வியாபாரியைக் கடிந்துகொண்ட ஹதீஸை நான் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்பேன்! சரக்கின் குறையைச் சொல்லிவிடுவது என் மீது கடமை. அதைச் சொன்னவனை நான் குறையுள்ளவன் என்றேன். லாயக்கில்லாதவன் யார் என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' கிதாபில் ஒரு மஸ்அலா உண்டு. பிள்ளை பருவமடைந்தபின் அவனுடைய சொத்தை அவன் கையில் ஒப்படைக்கலாமா என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எப்படிச் சோதிப்பது? எல்லோருக்கும் ஒரே சோதனை அல்ல. வியாபாரியின் மகனை வாங்கி விற்பதிலும் விலை பேசுவதிலும், விவசாயியின் மகனை விவசாயத்திலும், கைத்தொழில் செய்பவனை அவனுடைய தொழிலிலும் சோதிக்க வேண்டும். ஒரு தடவை போதாது, திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். சொத்துக்காகச் சொல்லப்பட்ட சட்டம்தான். ஆனாலும் ஒரு மனிதனை எப்படி எடைபோடுவது என்பதற்கும் இதில் பாடம் இருக்கிறது. நான் என் மருமகனை ஒரே நாளில், ஒரே சோதனையில், அதுவும் பேரம் பேசும் சோதனையில் தோல்வி என்று எழுதிவிட்டேன்.

டென்மார்க் நாட்டில் 2004-ஆம் ஆண்டில் ஒரு தகப்பனார், தம் மகனுக்கு இந்நிலை இருப்பதை அறிந்தபின், இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு கம்பெனியைத் தொடங்கினார். தார்கில் சோன்னே என்பது அவர் பெயர். வேலைக்கு ஆள் எடுக்கையில் கைகுலுக்கி, கண்ணைப் பார்த்து, கேள்விக்கு மளமளவென்று பதில் சொல்பவனையே உலகம் எடுக்கிறது. அவரோ அந்தப் பேட்டியை நம்பாமல், பொருளைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தார். கம்ப்யூட்டர் புரோகிராம்களில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு அவர்களில் சிலர் மிகவும் பொருத்தமாக இருந்தார்கள். இதைக் கேட்டதும் நம்மவர்கள், 'அவர்களெல்லாம் கணக்கில் புலிகளாமே' என்று கிளம்பிவிடுகிறார்கள். அப்படியல்ல. சிலர் அப்படி இருக்கலாம், பலர் சாதாரணமானவர்கள். புலியாக இருந்தால்தான் இடம் கொடுப்போம் என்றால், நம்மில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கும்?

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, அவற்றில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அரசாங்க வேலையில் நூற்றுக்கு நான்கு இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. நல்லது. ஆனால் நம் கடைகளுக்கும் தோல் கிடங்குகளுக்கும் அந்த ஒதுக்கீடு வராது. அங்கே அல்லாஹ்வின் அச்சம் ஒன்றுதான் வர வேண்டும்.

இனி, ஹழ்ரத் அவர்கள் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். தர்மமாகக் கொடுத்தால் என்ன, கூலியாகக் கொடுத்தால் என்ன, பணம் அவன் வீட்டுக்குத்தானே போகிறது என்று கேட்கலாம். செயல்களெல்லாம் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதையும் துணைக்கு அழைக்கலாம். நானும் அழைத்தேன். ஆனால் நிய்யத்து நம் அமலுக்கு உயிர் கொடுக்குமே தவிர, அடுத்தவனுடைய ஹக்கை நம்முடைய தர்மமாக மாற்றிவிடாது. கடன்காரன் கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஸதகா என்று நிய்யத்து வைத்தால் அது ஸதகா ஆகுமா? ஜக்காத் வாங்குவது இழிவல்ல. அது அல்லாஹ் ஏழைக்கு விதித்த பங்கு. ஆயினும் உழைத்தவனுக்கு அதைத் தர்மம் என்ற பெயரில் கொடுத்தால், அவன் உழைத்ததே இல்லை என்று சொன்னதாக ஆகிறது. கூலி வாங்கியவன் கடைப்படியை விட்டு இறங்கும்போது யாருக்கும் கடன்பட்டவனாக இறங்குவதில்லை. என் மருமகனை இரண்டு ஆண்டுகளாக, மாதந்தோறும், எனக்குக் கடன்பட்டவனாக இறக்கிவிட்டிருக்கிறேன்.

"மற்றப் பையன்கள் செய்வதில் பாதியைத்தான் அவன் செய்கிறான், முழுக் கூலி எப்படிக் கொடுப்பது?" என்று ஒரு கடைக்கார நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கூலி ஒப்பந்தத்தில் வேலையும் தெரிந்திருக்க வேண்டும், கூலியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன கூலி என்று பேசி முடிவு செய்யுங்கள். குறைந்த நேரமென்றால் அதற்குத் தக்க கூலி. அது அநியாயமாகாது. பேசாமல் மூடி வைத்துக்கொண்டு, வேலையை எண்ணாமல் தொகையை மட்டும் தர்மமாக எண்ணுவதுதான் அநியாயம். கூலி அவனுடைய தேவைக்குப் போதாதென்றால், ஜக்காத்தைத் தனியாக, வேலையோடு சம்பந்தமில்லாமல் கொடுக்கலாம். சூரத்துல் கஹ்ஃபில் ஹிள்ரு (அலை) அவர்கள் பழுதாக்கிய கப்பலின் சொந்தக்காரர்கள் கடலில் உழைப்பவர்கள். அல்லாஹ் அவர்களை மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடுகிறான். உழைப்பும் வறுமையும் ஒருவனிடம் சேர்ந்திருக்கலாம் என்பதற்கு நம் இமாம்கள் இதையே சான்று காட்டுவார்கள்.

எங்கள் காக்கா வேறு விதமாகப் பேசினார். "நம்ம ராத்தா மகனைச் சம்பளத்துக்கு வைக்கிறதா? ஊர் என்ன சொல்லும்? அவனுக்கு என்ன குறை, உட்கார வச்சுச் சோறு போட மாட்டமா?" என்றார். பாசத்தோடு சொன்ன பேச்சுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாசகம் கேட்டு வந்த தோழருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கோடரி வாங்க வைத்த வரலாற்றை மதரஸாப் பிள்ளைகளும் சொல்வார்கள். பிச்சை கூடாது என்பதோடு நாம் அதை நிறுத்திக்கொள்கிறோம். கோடரிக்குக் காம்பைத் தம் திருக்கரத்தாலேயே பொருத்திக் கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மிகச் சிறந்த செயல் எது என்று அபூதர் (ரலி) அவர்கள் கேட்டுக்கொண்டே வந்த ஹதீஸிலும், தொழில் செய்பவனுக்கு உதவுவதும், கைத்திறன் இல்லாதவனுக்காகச் செய்து கொடுப்பதும் வரிசையில் வருகின்றன.

எங்கள் கடையில் பொருத்த வேண்டியிருந்த காம்புகள் மிகவும் சிறியவை. ஒவ்வொரு பெட்டியின் மீதும் அதில் இருக்க வேண்டிய போல்ட் ஒன்றை ஒட்டி வைத்தோம். ஒரு நேரத்தில் ஒரே வேலை, அதுவும் சீட்டில் எழுதி. கம்பி அறுக்கும் மெஷினை அவன் சாப்பிடப் போகும் நேரத்தில் மட்டும் ஓட்டுவது. லுஹர் பாங்கு சொன்னதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுவான். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது. உண்மையில் அதற்குப் பிறகு மற்றப் பையன்களும் நேரத்துக்குப் போகத் தொடங்கினார்கள். செலவு என்று பார்த்தால் பசையும் சீட்டும்தான்.

கூலியை மாதம் ஒன்பதாயிரம் என்று, ராத்தாவையும் மச்சானையும் வைத்துக்கொண்டு, அவனிடமே கேட்டுப் பேசினோம். "சரி" என்று சொல்ல அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. நாங்களும் காத்திருந்தோம். பேச்சு மெதுவாக வருவதால் அறிவு இல்லை என்று ஆகிவிடாது. பணம் அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் பாதுகாவலர் என்பதால் அவனுடைய கூலி அவருக்கு ஹலாலாகிவிடாது, அது அவர் கையில் அமானிதம் என்பதை மச்சானிடம் சொன்னேன். அவருக்குச் சிறிது வருத்தம்தான். பழைய இரண்டு ஆண்டுகளுக்கான மீதத்தைத் தவணையாகக் கொடுத்து முடித்தேன். விடுபட்ட ஜக்காத்தையும் அவ்வாறே நிறைவேற்றினேன். எனக்குப் பிறகு கடையை நடத்தப்போகும் என் மக்கள் இந்த ஏற்பாட்டைத் தொடர்வார்களா என்ற கவலை மட்டும் தீரவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.

சென்ற ரமளானின் கடைசி இரவில் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். பித்ராவுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார்கள். இதுவரை ராத்தாதான் மகனுக்கும் சேர்த்து அளப்பார். அன்று தராசை அவன் வாங்கிக்கொண்டான். தன் பணத்தில் வாங்கிய அரிசியைத் தனியாக இரண்டரைக் கிலோ நிறுத்து, முள் நேராக நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை போட்டு எடுத்து, பையைக் கட்டினான். பிறகு இன்னொரு பையை எடுத்து, மறுபடியும் நிறுக்கத் தொடங்கினான்.

"இது யாருக்குப்பா?" என்றேன்.

"உம்மாவுக்கு" என்றான்.