நின்ற தண்ணீரும் ஓடும் தண்ணீரும்

ஃப்ளோரிடாவின் ரிவியரா பீச் ஊரில் ப்ளூ ஹெரன் பாலம் இருக்கிறது. ஸ்கூபாக்காரர்கள் தேடி வருவது பாலத்தை அல்ல, அதன் அடியில் இருக்கும் தண்ணீரை. படகு தேவையில்லை. ஃபில் ஃபாஸ்டர் பூங்காவில் காரை நிறுத்தி, சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு மணலிலிருந்து நடந்தே இறங்கலாம். ஆழமும் பெரும்பாலும் 6 மீட்டருக்குள்தான். ஆனால் நினைத்த நேரத்தில் இறங்க முடியாது.

காரணம், பக்கத்திலுள்ள முகத்துவாரம். ஓதம் ஏறும்போது அட்லாண்டிக்கின் தெளிந்த நீர் அதன் வழியே லேக் வொர்த் காயலுக்குள் புகுகிறது. வற்றும்போது காயலின் கலங்கல் அதே வழியே வெளியேறுகிறது. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக ஒரு மீட்டருக்கும் குறைவு. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நீண்ட காயலின் நீரில் பெரும்பகுதி அந்த ஒடுக்கமான வாய் வழியே போய்வர வேண்டுமே! தூண்களுக்கிடையே இழுப்பு கடுமையாக இருக்கும். எதிர்நீச்சல் போட்டால் சிலிண்டரில் காற்றுதான் தீரும். ஆகவே உச்சநீருக்கு அரை மணி முன்னால் இறங்கி, அரை மணி கழித்து ஏறிவிடுவார்கள். முழுக்க வற்றிய பிறகும் தண்ணீர் சற்று நேரம் நிற்கும். அப்போது கலங்கலுக்குள் கையை நீட்டினால் கை தெரிவதே பாடு.

தெளிந்த அந்த ஒரு மணி நேரத்தில் கடற்குதிரையைப் பார்க்கலாம். பாசியையோ பழைய கயிற்றையோ வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்டியபடி அசையாமல் நிற்கும். அதற்கு இரைப்பை கிடையாது. ஓயாமல் தின்றாக வேண்டும். துரத்திப் பிடிக்கும் வேகமும் இல்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் சின்னஞ்சிறு இறாலினங்களைக் குழல்வாயால் உறிஞ்சிக்கொள்கிறது. நாம் பயந்து கரையேறும் ஓட்டம்தான் அதற்குச் சோறு போடுகிறது. நாம் சபிக்கும் வற்றுநீர்தான் காயலின் அழுக்கைச் சுமந்துகொண்டு போகிறது.

நமக்குத் தோதான ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு, 'அமைதியான இடம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். விருந்துக்குப் போன வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது மாதிரி. அந்த வீட்டார் மீதி நேரமெல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நாம் பார்த்ததில்லை.

போகிறவர்களுக்கு ஒரு சொல்: உச்சநீர் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு இன்னும் கூடும். நேற்றைய நேரத்தை நம்பி இன்று இறங்காதீர்கள்.