பொறியும் பொறுப்பும்

மனிதன் தன் உழைப்பில் ஒரு பகுதியை யந்திரத்திடம் ஒப்படைக்கும்போது, அவ்வுழைப்போடு பிணைந்திருந்த பொறுப்பும் உடன் சென்றுவிடுகின்றதா? இக்கேள்வி புதியதன்று. தறி தானாக ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே அது மனித சமுதாயத்தை விட்டு நீங்காது நிற்கின்றது. எனினும், நூல்களிலே படிக்கும்போது எங்கோ தொலைவில் நிற்பதாகத் தோன்றும் வினா, சில வேளைகளில் நாம் செல்லும் வீதியிலேயே வந்து நம்மை மறித்துக்கொள்வதுமுண்டு.

சென்ற ஆண்டு கொழும்பிலே விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து, சக ஆசிரியர் ஒருவருடைய காரில் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். யப்பானிலே சில காலம் ஓடியபின் இங்கு இறக்குமதியான வண்டி அது. வவுனியாவைக் கடந்ததும் நண்பர் 'குறூஸ் கொன்றோல்' என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மணிக்கு 70 கிலோமீற்றரில் அமைத்துவிட்டு, வலது காலை மடக்கி ஆசனத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். முன்னே ஒரு லொறி சென்றது. அது வேகத்தைக் குறைக்க எமது காரும் குறைத்தது; அது விரைய இதுவும் விரைந்தது. "பாத்தீரே, என்னிலும் நல்ல சாரதி இது" என்றார் நண்பர்.

மாங்குளத்துக்கு அண்மையில், விடியுமுன்னர், அந்த லொறி திடீரென வலப்புறம் விலகி முன்னேறியது. அது விலகிய இடத்திலே நெல்மூட்டைகள் ஏற்றிய உழவு யந்திரம் ஒன்று நின்றது. பெட்டிக்குப் பின்விளக்கு இல்லை. முதியவர் ஒருவர் குனிந்து சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். எமது கார் வேகத்தைக் குறைக்கவில்லை. வழி திறந்துவிட்டதென்று கருதியதுபோல, முன்னர் அமைத்த வேகத்தை எட்டவே முனைந்தது. நண்பர் காலை நீட்டி, பிறேக்கைத் தேடி, மிதித்தார். வண்டி நின்றபோது முதியவருக்கும் எமக்கும் இடையே ஓர் ஆள் நீளமே எஞ்சியிருந்தது.

"தம்பி, கண் தெரியேல்லையோ?" என்று கேட்டார் முதியவர்.

"கார் நிப்பாட்டும் எண்டு நினைச்சன் ஐயா" என்றார் நண்பர்.

முதியவருக்கு அவ்விடை விளங்கவில்லை. வீடு வந்து சேரும்வரை எனக்கும் அது விளங்கவில்லை. காரை நிற்பாட்டுபவன் சாரதி; கார் எப்படித் தன்னை நிற்பாட்டும்? ஆயினும் நண்பர் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே அவர் அப்படி நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதே நாம் ஆராயவேண்டியது.

வேகத்தை ஒரு நிலையில் நிறுத்தும் பொறி மோட்டார் வண்டியிலும் மூத்தது. காற்றாலைகளில் வழங்கிய ஒரு முறையை ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி யந்திரத்துக்குப் பொருத்தினார். சுழலும் இரு குண்டுகள், வேகம் மிகுந்தால் விரிந்து நீராவியின் வழியை ஒடுக்கும். வேகம் தளர்ந்தால் சுருங்கி அவ்வழியைத் திறக்கும். அதே தத்துவத்தைக் காருக்குக் கொணர்ந்தவர் றல்ப் டீற்றர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். ஐந்து வயதிலே கண்பார்வையை இழந்தவர் அவர். தமது வழக்கறிஞர் காரோட்டியபடி பேசும்போது வண்டி தளர்ந்தும் பாய்ந்தும் சென்றதால் உண்டான எரிச்சலே அவரை இம்முயற்சிக்குத் தூண்டிற்று என்பர். 1950இல் அவர் காப்புரிமை பெற்றார். 1958இல் கிறைஸ்லர் நிறுவனம் அக்கருவியைத் தன் கார்களிற் பொருத்தி விற்றது.

எந்தப் பெயரில் விற்றது என்பது கவனிக்கத்தக்கது. 'ஓட்டோ பைலற்' என்றே அதற்குப் பெயரிட்டது. வேகத்தை மட்டும் பிடித்துவைக்கும் ஒரு கருவிக்கு, வண்டியைத் தானே செலுத்தும் மீகாமன் என்ற பட்டம்! அரை நூற்றாண்டுக்கும் மேலாகிய பின்னர், 2015இல், ரெஸ்லா நிறுவனம் வேறொரு கருவித் தொகுதியை அதே பெயரிற் சந்தைக்குக் கொணர்ந்தது. கருவி செய்வது ஒன்று, அதன் பெயர் சொல்வது இன்னொன்று. நண்பருடைய நம்பிக்கையின் முதல் வேர் இத்தகைய விளம்பர மொழியிலே உள்ளது.

சாதாரண வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வீதியை அறியாது. அது அறிந்தது ஓர் எண்ணை மட்டுமே. முன்னே பள்ளிப் பிள்ளைகள் வந்தாலென்ன, மாடு படுத்திருந்தாலென்ன, அந்த எண்ணைக் காப்பதே அதன் தொழில். மழைநீர் தேங்கிய வீதியிலே சில்லுகள் பிடி தளரும்போதும் அது வேகத்தைக் குறைக்க எண்ணாது. மனிதனோ உடனே காலை எடுத்துவிடுவான். எனவேதான் ஈரவீதியில் அதனை இயக்கலாகாது என்கின்றனர் அறிந்தோர்.

அடுத்த வகையானது முன்செல்லும் வண்டியோடு இடைவெளியைப் பேணுவது. 1995இல் மிற்சுபிசி நிறுவனம் ஒளிக்கதிரைக் கொண்டும், 1999இல் மேர்சிடிஸ் நிறுவனம் றேடார் அலையைக் கொண்டும் இத்தகைய கார்களைச் சந்தைக்குக் கொணர்ந்தன. இது குருடன்று என்று நாம் மகிழலாம். ஆயின் அதன் பார்வை எத்தகையது? வீதியோரப் பலகை, பாலம், மதகு, மின்கம்பம் யாவும் றேடார் அலையைத் திருப்பியனுப்பும். அவை ஒவ்வொன்றுக்கும் பிறேக் பிடித்தால் எந்தக் காரும் ஓடமுடியாது. ஆகையால் அசையாத பொருள்களிலிருந்து வரும் எதிரொலியைப் பெரும்பாலும் பொருட்படுத்தாதவாறே இக்கருவிகளில் பல அமைக்கப்பட்டன. முன்னே ஓடும் லொறியை அது காணும். நிற்கும் உழவு யந்திரத்தையோ மின்கம்பத்தோடு சேர்த்துத் தள்ளிவிடக்கூடும். கூரிய வளைவிலும், மேட்டின் உச்சியிலும், சேறு மூடிய போதிலும், ஒடுங்கிய சைக்கிள் முன்னே செல்லும்போதும் அதன் பார்வை பிழைக்கலாம். புதிய வண்டிகளிலே கமெராவும் சேர்ந்து பார்வை திருந்தியுள்ளது. ஆயினும் நிற்கும் வண்டியைக் கருவி காணாமற்போகலாம் என்ற எச்சரிக்கையை உற்பத்தியாளர்கள் தம் கைந்நூல்களிலிருந்து இன்னும் நீக்கிவிடவில்லை.

நண்பருடைய காரிலும் அத்தகைய கைந்நூல் இருந்தது. அது யப்பானிய மொழியில் இருந்தது. திரையிலே தோன்றும் எச்சரிக்கைகளும் அம்மொழியிலேயே இருந்தன. விற்றவர் பொத்தானைக் காட்டினார். பொத்தானுடைய எல்லையைக் காட்டவில்லை. ஏறத்தாழ ஓராண்டாக நண்பர் தமக்கு விளங்காத மொழியிலே எச்சரிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்!

அப்படியாயின் குற்றம் விற்றவர்மீதும் உற்பத்தி செய்தவர்மீதும் மட்டுமே உரியதென்று கூறி நாம் ஓய்ந்துவிடலாமா? முடியாது. கைந்நூல் விளங்காதவருக்கும் வீதி விளங்கும். கண் அவருடையதே. கேள்வி அவரது கண் ஏன் ஓய்ந்தது என்பதாகும்.

இதனை அவருடைய சோம்பலென்று ஒதுக்குவதும் சரியன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது றேடார்த் திரைகளைப் பார்த்திருந்தோர் சிறிது நேரத்தின்பின் குறிகளைத் தவறவிட்டனர். இதை ஆராய்ந்த நோர்மன் மக்வேர்த் என்னும் ஆங்கில உளவியலாளர், அரிதாக நிகழும் ஒன்றை எதிர்பார்த்துச் சும்மா பார்த்திருக்கும் மனிதனுடைய விழிப்பு முதல் அரைமணி நேரத்திலேயே தளர்ந்துவிடுகின்றதென 1948இல் வெளியிட்டார். 1983இல் லிசேன் பெயின்பிறிட்ஜ் என்னும் ஆய்வாளர் இதனை மேலும் விளக்கினார்: எளிய வேலையை யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, யந்திரத்தாற் செய்யமுடியாத மிகக் கடினமான கணத்தை மனிதனுக்கு விடுகின்றோம்; அக்கணத்துக்குரிய பயிற்சியையும் விழிப்பையும் அவனிடமிருந்து முன்னரே பறித்தும் விடுகின்றோம். கையும் காலும் தொழில் செய்யும்போது கண்ணும் தொழில் செய்கிறது. கால் ஓயும்போது கண்ணும் ஓய விரும்புகிறது.

வள்ளுவர் 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைவுக்கு வருகின்றது. மகிழ்ச்சியின் மிகுதியால் உண்டாகும் மறதியையே அச்சொல் குறிக்கின்றது. துன்பத்தில் இருப்பவன் விழித்திருப்பான். எல்லாம் செவ்வனே நடைபெறுகின்றதென மகிழ்ந்திருப்பவனே காவலை மறப்பான். அரசனுக்குக் கூறப்பட்ட அறம் அது. இன்று ஓராயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட இரும்பை ஒரு விரலசைவால் இயக்கும் எவருக்கும் அவ்வறம் உரியதே.

யந்திரத்தை வெறுப்பது நம் கருத்தன்று. கருவி களைப்பதில்லை, கோபங்கொண்டு முன்வண்டியை நெருக்குவதில்லை, தன்னையறியாது வேகத்தை ஏற்றிவிடுவதுமில்லை. 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலை போன்ற, எதிர்வண்டியும் நடையாளரும் இல்லாத வீதியில், வானம் வெளித்து, போக்குவரத்துக் குறைந்துள்ள வேளையில், உறங்கி எழுந்த சாரதிக்கு அது நல்ல துணையே. ஏ-9 வீதி அத்தகையதன்று. அங்கே நெல் காயும், மாடு படுக்கும், விளக்கில்லாத சைக்கிள் செல்லும், பிள்ளைகள் கடப்பர். அவ்வீதி வண்டிகளுக்கு மட்டும் உரியதன்று. அதன் இருமருங்கும் வாழ்பவர்களுக்கும் அது முற்றம். பூவிலே தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலையாதபடி தேர்மணியின் நாவைக் கட்டிவந்த தலைவனை அகநானூற்றுப் புலவன் ஒருவன் காட்டுகின்றான். தான் செல்லும் வழியிலே பிற உயிர்கள் வாழ்கின்றன என்ற உணர்வே அச்செயலின் உயிர். அவ்வுணர்வை எந்தப் பொறியிலும் நாம் பொருத்திவிட முடியாது.

ஆயின் 'பொறுப்பு சாரதியுடையது' என்ற வாக்கியத்தை யார் சொல்கிறார்கள் என்பதையும் நாம் நோக்கவேண்டும். 2018 மார்ச் 18ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, தானே ஓடும் காரொன்றை ஊபர் நிறுவனம் வீதியிற் பரீட்சித்தபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண் மோதுண்டு இறந்தாள். நாம் பேசும் கருவியினும் பலபடி முன்னேறிய வண்டி அது. ஆசனத்திலே, யந்திரத்தைக் கண்காணிக்கும் கூலிப் பணியாளர் ஒருவர் இருந்தார். அவர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது விசாரணையில் வெளியாயிற்று. நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாதவை என்பதையும் அதே விசாரணை 2019இற் கூறிற்று. ஆயினும் நிறுவனத்தின்மீது குற்றவியல் வழக்கு எழவில்லை. வழக்கு அப்பணியாளர்மீதே எழுந்தது. 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார். மோதலிலே பயணியைக் காக்கக் காரின் முன்பகுதி நசுங்குமாறு அமைக்கப்படுவதுபோல, யந்திரம் தவறும்போது அதனை ஆக்கியோரைக் காக்க நசுங்கும் பகுதியாகக் கடைசித் தொழிலாளி ஆக்கப்படுகிறான்.

அப்பணியாளர் குற்றமற்றவர் என்று நான் கூறவரவில்லை. அவர் பார்த்திருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கக்கூடும். ஆயினும் மனிதனால் நெடுநேரம் தாங்கமுடியாத ஒரு விழிப்பைக் கூலிக்கு வாங்கி, அது தவறியதும் அவனை மட்டும் கூண்டிலேற்றுவது நீதியாகாது. நம் நாட்டிலும், பகல் முழுதும் ஓடிய வான் சாரதியை இரவிலும் கொழும்புக்கு அனுப்பும் முதலாளி, 'கால் நோகாமல் இருக்க வண்டியிலே கருவி உண்டு' என்று கூறும் நாள் வரக்கூடும். களைப்பைப் போக்குவது உறக்கமே. கருவி களைப்பை மறைக்கும். மறைந்த களைப்பு வெளிப்பட்ட களைப்பிலும் கொடியது.

எனவே பொறுப்பைப் பகிர்வது வேறு, கைவிடுவது வேறு. எல்லையை விளங்கும் மொழியிற் கூறுவது ஆக்குவோனுக்கும் விற்போனுக்கும் கடமை. ஓய்வு கொடுப்பது முதலாளியின் கடமை. வீதியோரத்துக்கு ஒளியும், உழவு யந்திரத்துக்குப் பின்விளக்கும் உண்டாகச் செய்வது அரசின் கடமை. இவை யாவும் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும், ஆசனத்தில் இருப்பவனுக்கு எஞ்சும் கடமை ஒன்றுண்டு. ஊருக்குள்ளும், வளைவிலும், மழையிலும், உறக்கம் வரும்போதும் கருவியை நிறுத்துதல். கிடைக்கும் இடைவெளிகளில் மிக நீண்டதையே தெரிதல். முன்வண்டி விலகும் கணத்தில் தன் வண்டி பாயும் என்பதை அறிந்திருத்தல். காலை மடக்காது பிறேக்கின் அருகே வைத்திருத்தல். மணிக்கு 70 கிலோமீற்றரில் ஓடும் கார் ஒரு நொடியில் 19 மீற்றருக்கும் மேலாகச் செல்கின்றது. மடக்கிய காலை நீட்ட இரண்டு நொடி சென்றால், ஏறத்தாழ 39 மீற்றரை நாம் கண்மூடிக் கடந்தவராவோம். அந்த 39 மீற்றருக்குள் ஒரு முதியவர் குனிந்து சில்லைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நண்பர் இப்போதும் அக்கருவியைப் பயன்படுத்துகிறார். ஆயின் கால் மடங்குவதில்லை. கைந்நூலின் ஆங்கிலப் பதிப்பொன்றைத் தேடியெடுத்து, எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதி, அதே வகைக் கார் வைத்திருக்கும் மூவருக்குக் கொடுத்திருக்கிறார். முதியவர் கேட்ட கேள்விக்கு அன்று அவர் கூறிய விடையிலும் இது நல்ல விடையென்றே நான் கருதுகின்றேன்.