தோட்சுமையும் திசைவிரதமும்

நம் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வினா எழுந்துள்ளது. படிப்பை முடித்துச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் அமர்ந்த பிள்ளைகள், நான்கைந்து நண்பர்களோடு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பாங்காக், சியம் ரீப், ஹோ சி மின் நகரம், ஹனோய் என்று ஊர் ஊராகச் சுற்றிவரப் புறப்படுகின்றனர். 2023ஆம் ஆண்டின் இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியருக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தபின் இவ்வார்வம் மேலும் பெருகிற்று. கந்தர்வக்கோட்டையில் ஓய்வாக வாழும் என்னிடம்கூட, உறவினர்களும் பழைய மாணவியரும் "அனுப்பலாமா, கூடாதா?" என்று கேட்கின்றனர்.

இவ்வினாவை வெறும் செலவுக் கணக்காகக் கொள்ளுதல் தகாது. இதில் அறம் பற்றிய இரண்டு வாதங்கள் எதிரெதிரே நிற்கின்றன. "இல்லறத்தார்க்குத் திசைவிரதம் என்று ஒன்று உண்டே! எல்லை வகுத்து அதற்குள் வாழ்வதன்றோ நம் ஒழுக்கம்?" என்பர் பெரியோர். "நாங்கள் ஆடம்பர விடுதியில் தங்கப் போவதில்லை. ஒரே பை, நான்கு உடை, குறைந்த செலவு. மிகுபொருள் விரும்பாமை என்று நீங்கள் கற்பித்ததும் இதுதானே?" என்பர் இளைஞர். இரண்டு வாதங்களும் நம் ஆகமத்தையே சான்றாக அழைக்கின்றன. ஆதலின் இரண்டையும் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

முதலில் பெரியோர் வாதத்தைக் காண்போம். கடல், ஆறு, மலை, நாடு ஆகியவற்றை எல்லையாகக் குறித்து, "இதற்கு அப்பால் செல்லேன்" என்று உறுதி கொள்வது திசைவிரதம். ஏன் இவ்வாறு விதித்தனர்? எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களுக்கு இல்லறத்தானால் நேரக்கூடிய சிறு தீங்கும் அதனால் தவிர்க்கப்படுகிறது. அந்த அளவில், அவனுடைய சிறு விரதங்களே அப்பகுதியைப் பொறுத்தவரை துறவியின் பெருவிரதங்களுக்கு நிகராகின்றன என்று சமந்தபத்திரர் வழிவந்த சிராவக ஒழுக்க நூல்கள் விளக்குகின்றன. எனவே இவ்விரதம் கால்களுக்கு இடப்பட்ட விலங்கு அன்று. ஆசை நீட்டும் கையை மடக்குவதற்காக ஏற்பட்டது.

அப்படியாயின் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வீட்டை விட்டு நகராத நாம் உண்மையில் எல்லைக்குள்தான் வாழ்கிறோமா? நியாயவிலைக் கடையில் நாம் வரிசையில் நின்று வாங்கும் பாமாயில் எங்கிருந்து வருகிறது? அதன் பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைவது. அந்நாடுகளில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காகப் பெருங்காடுகள் அழிக்கப்பட்டன. அக்காடுகளை நம்பி வாழ்ந்த எண்ணற்ற உயிர்கள் இடம் இழந்தன. நம் கால் அங்கே படவில்லை. கை என்றோ போய்ச் சேர்ந்துவிட்டது. கையை நீட்டிக்கொண்டே காலை மட்டும் கட்டுவது விரதமாகாது. பேரனையோ பேத்தியையோ திசைவிரதத்தின் பெயரால் தடுக்க முற்படும் முன், நம் அடுப்பங்கரை எத்தனை திசைகளைத் தொடுகிறது என்று எண்ணிப் பார்ப்போம்.

மேலும், நம் சமயமே நடந்து வந்த சமயம். இவ்வூரிலிருந்து புதுக்கோட்டை வழியே சித்தன்னவாசலுக்குச் சென்றால், ஏழடிப்பட்டத்தில் வழவழப்பான கற்படுக்கைகளைக் காணலாம். அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் என்பார் அமைத்துத் தந்த இருக்கை அது என்று அறிஞர் படித்துக் கூறுகின்றனர். எருமி நாடு என்பது மைசூர்ப் பகுதி. எங்கிருந்தோ வந்தவருக்கு இங்கிருந்தவர் இடம் தந்தார். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலனோடும் கண்ணகியோடும் புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கின்றார். புறப்படும்போதே அவர் எச்சரிப்பது கள்வரைப் பற்றியோ களைப்பைப் பற்றியோ மட்டும் அன்று. வயல்வழியே செல்லும்போது காலடியில் நண்டும் நத்தையும் மிதிபட்டு இறக்கக்கூடும் என்பதையும் கூறுகின்றார். பயணத்தின் முதல் பாடமாகப் பாதம் பதியும் இடத்தைப் பார்க்கச் சொன்ன மரபு நம்முடையது.

இனி இளைஞர் வாதம். சிறிய பை என்றால் சிறிய சுமை என்பது சரியா? உலகிலேயே மிகக் குறைந்த பொருளோடு பயணம் செய்பவர் திகம்பர முனிவர். மயிற்பீலி, கமண்டலம், சாத்திரம் ஆகிய மூன்றே அவர் உடைமை. மழைக்காலம் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கி, ஏனைய மாதங்களில் கால்நடையாகவே செல்வார். ஆயினும் அவர் பொருளின்மை பிறருக்குப் பாரமாகாதபடி எத்தனை நியதிகள்! தமக்கெனத் தனியே சமைத்ததை ஏற்பதில்லை; வாய்விட்டு ஒன்றைக் கேட்பதில்லை; பகலில் ஒரே முறை, நின்றபடி, கையையே கலமாகக் கொண்டு உண்பர். மலரை வருத்தாமல் தேன் கொள்ளும் வண்டின் உவமையை நம் முன்னோர் கூறியது இதற்காகவே. தன் தோளில் சுமை குறைப்பது பாதி அறம். குறைத்த சுமையைப் பிறர் தோளில் ஏற்றாதிருப்பதே மற்றப் பாதி.

முதுகுப்பைப் பயணத்தின் வரலாற்றை நோக்கினால் இந்த மற்றப் பாதி பலவிடத்தும் மறக்கப்பட்டது தெரியும். 1960களிலும் 70களிலும் மேலைநாட்டு இளைஞர் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர், தில்லி, காத்மாண்டு என்று தரைவழியே வந்தனர். 1972இல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்ட டோனி வீலர், மாரீன் வீலர் தம்பதியர், குறைந்த செலவில் ஆசியாவைக் கடப்பது பற்றி 1973இல் ஒரு கையேடு வெளியிட்டனர். 'லோன்லி பிளானட்' நிறுவனம் அதிலிருந்தே வளர்ந்தது. 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை நுழைவும் அப்பாதையை அடைத்தன. பின்னர் 1980களில் பாங்காக்கின் கௌசான் சாலை இத்தகையோரின் கூடாரமாயிற்று. ஒரு காலத்தில் அரிசி வணிகம் நிகழ்ந்த தெரு அது. பெயரின் பொருளும் அரிசியே.

குறைந்த செலவு நல்லதே. ஆனால் அதுவே பெருமையாக மாறும்போது ஒரு தீமை நுழைகிறது. நாளெல்லாம் மூன்று சக்கர வண்டி ஓட்டுபவரிடம் சில நாணயங்களுக்காகப் பேரம் பேசி வென்றதைத் தோழரிடம் சொல்லி மகிழ்கின்றனர். 2017ஐ ஒட்டிய ஆண்டுகளில், மேலைநாட்டுப் பயணியர் சிலர் பாங்காக், கோலாலம்பூர் தெருக்களில் அமர்ந்து, தம் பயணத்துக்குப் பொருளுதவி கேட்டதைப் பலரும் கண்டித்தனர். தம்மினும் வறியவரிடம் கையேந்துவதை எளிமை என்று எவ்வாறு கூறுவது? உழைப்பவனுக்குரியதைக் குறைத்துப் பெறுவது கள்ளாமை விரதத்தின் விளிம்பைத் தொடுகின்ற செயல் என்பதே என் கருத்து.

இதற்கு நேர்மாறான ஒரு பயணமும் நிகழ்ந்தது. ராஜஸ்தானத்தில் 1936இல் பிறந்த சதீஷ்குமார், ஒன்பது வயதில் தேராபந்த் பிரிவில் துறவு பூண்டு, பதினெட்டு வயதில் அதிலிருந்து விலகி வினோபா பாவேயின் இயக்கத்தில் சேர்ந்தவர். அவரும் நண்பர் இ. பி. மேனனும் அணுகுண்டை எதிர்த்து, 1962 ஜூன் 1ஆம் நாள் தில்லி ராஜ்காட்டிலிருந்து நடக்கத் தொடங்கினர். கையில் பணம் கொள்ளாதீர், மரக்கறி உணவை விடாதீர் என்பன வினோபா தந்த இரு அறிவுரைகள். பணம் இருந்தால் விடுதியில் உண்டு உறங்கிவிடுவீர்கள்; இல்லையேல் மனிதரை நாடியே தீரவேண்டும். ஊன் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பர். அங்கே அகிம்சையைப் பேசலாம் என்பது அவர் விளக்கம்.

பாகிஸ்தான் எல்லையில் அன்பர் ஒருவர் கட்டிக் கொடுத்த உணவுப் பொட்டலங்களைச் சதீஷ்குமார் ஏற்கவில்லை. அதை எடுத்துச் சென்றால் அந்நாட்டு மக்களை நம்பவில்லை என்று பொருள்படும் என்றார். எல்லையைத் தாண்டியதும், அவர்கள் வருகையைக் கேள்வியுற்றிருந்த ஒருவர் தாமே முன்வந்து லாகூருக்கு அழைத்துச் சென்று விருந்தோம்பினார். காபூல், தெஹ்ரான் கடந்து, மாஸ்கோ, பாரிஸ், லண்டன் வழியாக 1964 ஜனவரியில் வாஷிங்டனை அடைந்தனர். சோவியத் நாட்டில் தேயிலைத் தொழிற்சாலைப் பெண்கள் நான்கு பொட்டலம் தேயிலை தந்து, நான்கு தலைநகரத் தலைவர்களுக்கும் கொடுக்கச் சொன்னார்கள். அணு ஆயுதத்தை ஏவ எண்ணும் கணத்தில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி நிதானிக்கட்டும் என்பது அவர்கள் செய்தி.

இவர்களும் பிறர் வீட்டில்தானே உண்டனர், இவர்கள் பாரமாகவில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எளிய குடும்பம் இரண்டு விருந்தினருக்குக் கூடுதலாகச் சமைத்திருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விரும்பித் தந்ததையே பெற்றனர். தந்தவர் கவலையைத் தம் கவலையாகச் சுமந்து அடுத்த நாட்டில் எடுத்துரைத்தனர். கௌசான் தெருவில் பேரம் பேசுபவரினின்று இவர்களை வேறுபடுத்துவது இதுவே. பணமின்றிப் புறப்படுங்கள் என்று நம் பெண்களுக்கு நான் கூறமாட்டேன். 1962இல் இரண்டு இளைஞர்க்கு இயன்றது நான்கு இளம்பெண்களுக்கு ஏற்றதாகாது. உரிய பணத்தோடு செல்க. உரியதைக் கொடுத்து வருக.

கருணையிலும் விழிப்பு வேண்டும். நான் பல்லாண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆதலால் இது என் நெஞ்சைத் தைத்தது. கம்போடியாவுக்குச் செல்லும் பயணியர் பலர், அனாதை இல்லங்களுக்குச் சென்று ஒரு நாள் பாடம் கற்பித்து, நன்கொடை தந்து, படம் எடுத்துத் திரும்புவது வழக்கமாயிற்று. ஆனால் அவ்வில்லங்களில் உள்ள பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு உள்ளனர் என்று, 2011இல் கம்போடிய அரசு யூனிசெஃப் துணையோடு நடத்திய ஆய்வு வெளிப்படுத்தியது. பயணியர் பணம் வரும் என்பதற்காகவே இல்லங்கள் பெருகின. வறுமையால் தளர்ந்த தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டனர். இரக்கமே பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தது. நன்மை செய்யும் எண்ணம் மட்டும் நம்மை இம்சையிலிருந்து காத்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? அங்கோர் கோயில்களின் அருகே 2016 ஏப்ரலில், கடும் வெயிலில் பயணியரைச் சுமந்த சம்போ என்னும் யானை சரிந்து இறந்தது. மக்களின் எதிர்ப்புக்குப் பின் அங்கே யானைச் சவாரி 2020ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. ஏறி அமர்ந்தவர் எவரும் கொலை செய்ய எண்ணியவர் அல்லர்.

விருந்தினர் பக்கமே நின்று பேசுகிறோம். எதிர்ப்பக்கமும் நமக்குத் தெரியாததன்று. இங்கிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் ஆதனக்கோட்டையில் பெண்கள் முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பை விற்கின்றனர். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கக் கூடியது. வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அப்பெண்களிடம் விலையை அடித்துப் பேசி வாங்கிச் செல்வோரையும் பார்க்கிறோம். விலையைக் கொடுத்து, "கை எரியுமே அம்மா" என்று ஒரு சொல் கேட்டுச் செல்வோரையும் பார்க்கிறோம். ஹனோயின் தெருவோரத்தில் அமர்ந்திருப்பவளும் இத்தகைய ஒருத்தியே.

ஆகவே என் முடிவைக் கூறுகிறேன். பிள்ளைகளை அனுப்புங்கள். தடுக்கின்ற வீட்டிலிருந்தும் அவர்கள் செல்லத்தான் போகிறார்கள், சொல்லாமல் செல்வார்கள். அப்போது அவர்களிடம் ஒழுக்கம் பற்றிப் பேசும் வாய்ப்பையும் நாம் இழப்போம். ஆனால் புறப்படும் முன் ஒரு மாலைப்பொழுது உடன் அமர்ந்து, அப்பயணத்துக்கென்றே ஒரு திசைவிரதம் ஏற்கச் செய்யுங்கள். இத்தனை நகரம், இத்தனை நாள், அதற்கு மேல் இல்லை. உழைப்பவரின் கூலியில் பேரம் இல்லை. விலங்கின் முதுகில் ஏறுவதில்லை. பிள்ளைகளைக் காட்சிப்பொருளாக்கும் இடத்துக்குச் செல்வதில்லை. தேவையற்ற பொருளால் பையை நிரப்புவதில்லை.

உணவைப் பற்றி அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடைகளில் ஊன் இல்லை. வெங்காயம், பூண்டும் இல்லை. வியட்நாமில் 'சாய்' என்று கேட்கவேண்டும். அங்கே சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பலர் மரக்கறியே உண்பர். பிற கடைகளில் காய்கறி உணவிலும் மீன்சாறு கலப்பர் என்பதை நினைவிற் கொள்க. கிழங்கு விலக்குவோரும் பொழுது சாயுமுன் உண்போரும் முன்னரே விசாரித்து வைத்தல் நலம்.

எல்லை வகுப்பது உலகத்தைச் சுருக்குவதற்காக அன்று. நம்மால் உலகத்துக்கு நேரும் துன்பத்தைச் சுருக்குவதற்காக. இதனை உணர்ந்த பிள்ளை எந்த நகரத்தில் நடந்தாலும் விரதத்துக்குள் நடக்கிறான். உணராதவர் இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்தாலும் எல்லையைக் கடந்தவரே. பயணம் முடித்து வரும் பிள்ளைகளிடம் எத்தனை ஊர் கண்டாய் என்று கேட்பதோடு நில்லாமல், யாருக்கும் பாரமாகாமல் வந்தாயா என்றும் கேட்போமாக.