ஏழில் ஐந்து

உயர்தர இணைந்த கணித வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் 7 வினாக்கள் உள. 5க்கு விடை எழுதினாற் போதும். எவ்விரண்டை விடுவது என்பது பரீட்சை மண்டபத்தில் மாணவன் செய்யவேண்டிய தேர்வு. நமது துறைமுகப் பகுதியிலோ அத்தேர்வை ஆசிரியராகிய நாம் வகுப்பறையிலேயே முடித்துவிடுகிறோம். "தொகையீடு கடினம், விட்டுவிடு" என்கிறோம். (தமிழாசிரியருக்குக் கணிதத்தில் என்ன வேலை என்பீர்கள். யாப்பை விட்டுவிடு என்று சொன்ன வாய் நம்முடையது.)

கடற்றொழிலாளியின் மகன் எப்படியாவது சித்தியெய்தட்டும் என்ற இரக்கமே காரணம் என்போம். ஆனால் முதற்பகுதியின் 10 வினாக்களுக்கும் விடையளித்தே ஆகவேண்டும். விட்ட பாடம் அங்கே வந்து நிற்கும். பொறியியற் பீடம் புகுந்தால் அங்கும் நிற்கும். அப்போது, இரக்கப்பட்ட நாம் அருகில் இருக்கமாட்டோம்.

1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை விட்டகன்றனர். அவர்கள் கட்டிய எண்ணெய்க் குதங்கள் சீனக்குடாவில் இன்றும் நிற்கின்றன. குதத்தில் எண்ணெய் இக்கணத்தில் ஏறும் வேகத்தைச் சொல்வது வகையீடு. கணந்தோறும் மாறும் அவ்வேகத்திலிருந்து, சேர்ந்த மொத்தத்தைச் சொல்வது தொகையீடு. அக்குதங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேகம் போதும், மொத்தம் வேண்டாம் என்று விதிக்க நாம் யார்?

காலம் போதவில்லை என்பது மெய்தான். எனினும் பாடத்தின் வாயிலையேனும் திறந்து காட்டியபின், விடுவதா என்று அவனையே கேட்கலாமே. சென்ற தவணை யாப்பை அவ்வாறு காட்டிக் கேட்டோம். வகுப்பிற் பாதிப்பேர் விடமாட்டோம் என்றனர்.