‘இருந்தாலும்’ என்னும் சொல்

மனிதன் தன்னைத் தான் அறிவது எங்ஙனம்? மெய்ஞ்ஞானியர் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினா இது. ஆனால், அவர்களுடைய நூல்களைத் தொடும் வயது வருமுன்பே ஒவ்வொரு குழந்தையும் இதற்கொரு விடையைப் பெற்றுவிடுகிறது. தலை வாரிவிடும் கையும், பார்ப்பவர் வாயில் பிறக்கும் சொல்லும் அவ்விடையைத் தந்துவிடுகின்றன.

நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பணியர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். கருநிறமும் சுருள்முடியும் அவர்களிற் பலருக்கு இயற்கை அளித்தவை. அக்குலச் சிறுமி ஒருத்தி பள்ளிக்குச் செல்கிறாள் என்று கொள்வோம். படிய வாரி ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையே ஒழுங்கு என்று கருதப்படும் இடத்தில் அவளுடைய முடி படிய மறுக்கிறது. ‘பரட்டை’ என்ற பட்டப்பெயர் வந்து சேர்கிறது. இரக்கமுள்ளோர், ‘கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்’ என்கின்றனர். முன்னது வசை, பின்னது வாழ்த்து. ஆயினும் வாழ்த்தே ஆழமாகக் காயப்படுத்துகிறது. வசையை எதிர்த்து நிற்கலாம். குறையென்று தீர்ப்பளித்துவிட்டு மன்னிப்பும் வழங்கும் ‘இருந்தாலும்’ என்ற சொல்லை எங்ஙனம் எதிர்ப்பது?

இச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில், பணியரின் முன்னோர் மலபார்க் கரையில் கப்பலுடைந்து ஒதுங்கிய ஆப்பிரிக்கர் என்று வெள்ளைத் தோட்டத்துரைமார் நம்பியதைப் பதிவு செய்கிறார். இன்றைய மரபணு ஆய்வுகளோ பணியரை இத்துணைக்கண்டத்தின் தொன்மையான குடிகளுள் வைத்து எண்ணுகின்றன. மண்ணின் முதல் மக்கள், முடியின் சுருளால் அந்நியராக்கப்பட்டனர்! வயநாட்டின் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஓராண்டு உழைப்புக்கு அவர்களை விலைபேசிய காலமும் இருந்தது. உழைப்பைப் பறிப்பவனுக்கு உருவத்தை இகழ்வது வசதி. கீழானவர் என்று நம்பிவிட்டால் மனம் உறுத்துவதில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. கண்ணில் தங்கிவிட்ட அளவுகோலை எந்தச் சட்டம் ஒழிக்கும்?

அந்த அளவுகோல் குழந்தையின் கண்ணிலும் புகுந்துவிடும் என்பதே பெருங்கொடுமை. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியல் அறிஞர் தம்பதியர், கறுப்பினக் குழந்தைகளின் முன் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை வைத்தனர். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்றனர். ‘உன்னைப் போன்றது எது?’ என்று கேட்டபோது சிலர் அழுதேவிட்டனர்.

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் 30-ஆம் அத்தியாயம் எண்ணுகிறது. ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்த தோழர் அபூதர் (ரலி) அவர்களிடம், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் உள்ளதென நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்தார்கள். மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீதேறிப் பாங்கு சொல்லும் பேறு பெற்றவர் அபிசீனியக் கறுப்பர் பிலால் (ரலி). நாமோ பிள்ளைக்குப் பிலால் என்று பெயரிடுகிறோம். அவனுக்குப் பெண் தேடுகையில், ‘நல்ல நிறமா?’ என்று கேட்கிறோம்.

‘உருவத்தில் என்ன இருக்கிறது? உள்ளமல்லவா பெரிது?’ என்று சிலர் வினவலாம். உண்மைதான். ஆனால், இந்த ஞானத்தை நேர்முடி கொண்ட பெண்ணிடம் எவரும் உபதேசிப்பதில்லையே! முடியுள்ளவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்றும் அண்ணலார் அருளியிருக்கிறார்கள். எவ்வகை முடி என்று அவர்கள் பிரிக்கவில்லை.

முடியை அடக்குவது வேறு, பேணுவது வேறு. சுருள்முடி வளைந்து வளர்வதால் தலையில் ஊறும் எண்ணெய் எளிதில் நுனிவரை இறங்காது. வறண்ட முடியை வேரிலிருந்து இழுத்து வாரினால் முறியும், குழந்தை அழும், தன் முடியே தனக்குப் பகையென்று எண்ணும். ஈரம் இருக்கையில் எண்ணெய் தொட்டு, அகன்ற பல்லுள்ள சீப்பால், நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். அதன்பின் அம்முடி சுருண்டே இருக்கட்டும். நேராக்கித் தருவது உதவியன்று. இகழ்ந்தவனின் தீர்ப்புக்கு நாமும் கையொப்பமிடுவதாகும்.

கூடலூரில் மாப்பிள்ளை முஸ்லிம்களும் தமிழ் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள். நம் பிள்ளைகளும் அச்சிறுமியும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடும். ‘பரட்டை’ என்ற சொல் நம் பிள்ளையின் வாயிலிருந்து வராதிருக்கச் செய்வது நம் கடமை. அதற்கு முன்னதாக, ‘இருந்தாலும்’ என்ற சொல்லை நம் பேச்சிலிருந்து நீக்கிவிட வேண்டும். கறுப்பாக இருக்கிறாள், அழகாக இருக்கிறாள். இரண்டும் இறைவனின் படைப்பு.